பதினாலாம் மாடிக்காரன்

“வானத்தை உரசுற மாளிகைன்னு நான் சொன்னா உனக்கு எங்க வலிக்குது? உன் கொட்டகைக் கூரையையா அது உரசிச்சு?”

ஹோங் என்னிடம் இப்படிச் சீறியது டெலிபோன் கம்பெனிக் கூடத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும். புத்தாண்டு நெருங்கிவிட்டது. ஊருக்குப் பேச வந்த கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. அவன் பேசிய கூண்டின் கதவு சரியாகச் சாத்தாது. லைனும் சரியில்லை என்பதால் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசினான். அவன் அக்காவுக்குக் கேட்டதோ இல்லையோ, எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“ஆமாக்கா, வானத்தை உரசுற மாளிகைதான். பதினாலாம் மாடி. காத்து நல்லா வருது.”

அவனுக்கு அடுத்து நின்ற நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? அவனும் நானும் குடியிருந்தது நகரத்தின் ஏழைப் பேட்டையான ஷாம் ஷுய் போவில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில், அடுத்தடுத்த தகரக் கொட்டகைகளில். நடுவில் இருந்தது ஒரே ஒரு தகரம். அவன் இருமினால் என் தூக்கம் கெடும்.

“எனக்கு ஒண்ணும் வலிக்கல. அளக்கிறதுதான் அளக்கிறே, ஒழுங்கா அளக்கத் தெரியலையே உனக்கு,” என்றேன்.

“என்ன தெரியல?”

“அங்க குடியிருக்கிறவன் எவனாவது அந்தப் பேரைச் சொல்லி நீ கேட்டிருக்கியா?”

அவன் காது சிவந்தது. அவனுக்கு வெட்கம் வந்தால் காதில்தான் வரும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கஞ்சிக் கடையில் பாத்திரம் கழுவியே காலம் ஓடிவிட்டது. ஆனால் காது இருக்கிறது. ‘வானத்தை உரசும் மாளிகை’ என்பது யார் வாயில் வரும் என்று எனக்குத் தெரியும். டிவியில் செய்தி வாசிக்கிறவன் சொல்வான். கொடியைப் பிடித்துக்கொண்டு சுற்றுலாக்காரர்களை மேய்க்கிற பெண் சொல்வாள். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவன் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துச் சொல்வான். உள்ளே இருக்கிறவர்கள் வீடு என்பார்கள், அல்லது கட்டடத்தின் பெயரையும் மாடியையும் சொல்வார்கள். என் புருஷன் லாம் அந்த மாதிரிக் கட்டடங்களுக்கு சிமென்ட் சுமந்தே நுரையீரல் போய்ச் செத்தான். அவன் ஒருநாள்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ‘வேலைக்குப் போறேன்’ என்பான், அவ்வளவுதான். கீழே நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது வானத்தை உரசும். ஹோங் அந்தப் பேரைச் சொன்னதிலேயே அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துபோயிற்று.

அவன் முழுப் பெயர் சேத்தோ பாக்-ஹோங். எல்லைக்கு அந்தப் பக்கம், கைப்பிங் அருகே ஒரு கிராமத்துக்காரன். பொய்யே கலக்காமல்கூட ‘நான் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கேன்’ என்று அவனால் சொல்ல முடியும். தீவின் மலைச்சரிவில், பொன்முகில் மாளிகை என்று ஒன்று. மேகம் இறங்கினால் பாதிக் கட்டடம் காணாமல் போகும். அதன் வாசலில் அவன் காவலாளி. சாம்பல் சட்டை, தோளில் பித்தளைப் பொத்தான். கதவைத் திறப்பான், லிஃப்ட் பொத்தானை அழுத்துவான், வீட்டுக்கார அம்மாக்களின் பையை வாங்கிக்கொள்வான். ஷிஃப்ட் முடிந்தால் பஸ் பிடித்து, கடல் தாண்டி, எங்கள் மொட்டை மாடிக்கு வந்து சேர்வான். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சமையல் மட்டும் சகிக்காது.

அக்காவிடம் மட்டும் ஏன் இத்தனை வீம்பு என்று ஒருநாள் துணி காயப்போடும்போது கேட்டேன். முதலில் முறைத்தான். அப்புறம் சொன்னான்.

தாய் தகப்பன் சீக்கிரம் போய்ச் சேர்ந்த வீடு. வளர்த்தது அக்கா சௌ-ஹாதான். பஞ்ச காலத்தில் தன் கிண்ணத்துக் கஞ்சியை இவன் கிண்ணத்தில் ஊற்றியவள். இவன் வாலிபனானதும், கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பை இரண்டை ஊதி மிதவையாகக் கட்டிக்கொண்டு, அவளிடம்கூடச் சொல்லாமல் கடலில் குதித்து இந்தப் பக்கம் நீந்தி வந்துவிட்டான். அந்தக் காலத்தில் அப்படி வந்தவர்கள் நிறைய; அங்கே அது குற்றம். வந்தவனுக்குக் கஷ்டம் கரை ஏறும்வரைதான். வீட்டில் இருந்தவர்கள் பட்டதுதான் பாடு. ஓடிப்போனவனின் அக்கா என்று அட்டையில் எழுதி, சௌ-ஹாவின் கழுத்தில் மாட்டி, ஊர்க் கூட்டத்தில் மேடைமேல் நிற்க வைத்திருக்கிறார்கள். கீழே உட்கார்ந்திருந்தது அவளோடு நாற்று நட்ட அதே ஜனங்கள்.

“அத்தனை பேர் முன்னாடி அக்கா எனக்காகத் தலைகுனிஞ்சு நின்னா, அண்ணி. இப்ப அதே ஊருல, அதே ஜனங்க நடுவுல போனைப் பிடிச்சுக்கிட்டு, ‘தம்பி எப்படி இருக்கே’ன்னு கேக்கறா. கதவு திறந்து விடறேன், தகரக் கொட்டகையில தூங்கறேன்னு சொல்லவா?”

“சொன்னா என்ன?”

“அவ நின்னது எதுக்குன்னு ஆயிடும்ல?”

துணியை உதறிப் போட்டேன்.

பதினாலாம் மாடியைப் பற்றியும் கேட்டேன். எங்கள் பேச்சில் நாலு என்றாலும் சாவு என்றாலும் காதில் ஒரே மாதிரிதான் விழும். பதினாலு என்றால் ‘செத்தே தீருவாய்’ என்று சொன்ன மாதிரி. அதனால் பொன்முகில் மாதிரி இடங்களில் அந்த எண்ணையே வைக்க மாட்டார்கள். மூன்றுக்கு மேல் ஐந்து, பதிமூன்றுக்கு மேல் பதினைந்து. லிஃப்டில் அப்படி ஒரு பொத்தானே இருக்காது.

“அதான் இத்தனை வருஷமும் அதைச் சொன்னேன்,” என்றான். “பன்னண்டுன்னு சொன்னா அங்க சூ டாக்டர் இருக்கார். முப்பத்தொண்ணுன்னா ஃபுங் அம்மா வீடு. அடுத்தவன் வீட்டை என் வீடுன்னு சொன்னா அது திருட்டு மாதிரி. பதினாலு யாருதும் இல்ல. யாருக்கும் நஷ்டம் இல்ல.”

“ஊர்ல அந்த நம்பருக்குப் பயப்பட மாட்டாங்களா?”

“கேட்டாங்க. அதான் மலிவாக் கிடைச்சதுன்னு சொல்லிட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் லேசாகப் பெருமை. பொய்யிலும் யோக்கியமாக இருந்துவிட்டோம் என்ற பெருமை. முட்டாள்.

அந்தப் புத்தாண்டில் போன் பேசியதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். வசந்தத்தில் முன்னோர் கல்லறைகளைக் கும்பிடுகிற திருநாள் கழிந்த கையோடு கஞ்சிக் கடைக்கு ஓடி வந்தான். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் ரத்தம் இல்லை.

“அக்கா வர்றா.”

“வரட்டும். நல்லதுதானே?”

“எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு கிடைச்சிடுச்சாம். தம்பி வீட்டைப் பாக்கணுமாம். அண்ணி, நான் என்ன பண்ணட்டும்?”

“கொட்டகையைப் பெருக்கு. உன் மெத்தையை வெயில்ல போடு.”

“நீ மனுஷியா?”

“கொஞ்சம்.”

அவன் திட்டம் வேறு. வாசல் காவலில் அவனோடு மாற்றாளாக இருந்தவன் குண்டு குவோக். சூதாட்டக்காரன், வாயாடி, ஆனால் சேக்காளிக்கு உதவுகிறவன். ஹோங்குக்கு விடுமுறை நாளில் குவோக் வாசலில் இருப்பான். அக்காவை அழைத்து வரும்போது குவோக் எழுந்து நின்று ‘வாங்க சேத்தோ சார்’ என்பான். ‘பதினாலாம் மாடியில தண்ணிக் குழாய் வெடிச்சுடுச்சு சார், ரிப்பேர் முடியற வரைக்கும் யாரும் மேல போகக் கூடாது’ என்பான். அக்காவைக் கூடத்துச் சோபாவில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பளிங்கையும் சரவிளக்கையும் காட்டிவிட்டு, ஒரு விடுதியில் தங்க வைத்துவிடுவது. ஊருக்குத் திரும்பும்வரை குழாய் ரிப்பேர் ஆகிக்கொண்டே இருக்கும்.

“நீயும் கூட வா, அண்ணி. ஒரு பொம்பளை கூட இருந்தா அக்காவுக்குக் கூச்சமா இருக்காது. பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்றேன். அது பொய் இல்லையே.”

“நான் பொய் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கிட்டு வரேன். சாப்பாடு என்ன?”

“சுட்ட வாத்து.”

“வரேன்.”

ரயில் நிலையத்தில் சௌ-ஹாவைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. குட்டையான பொம்பளை. வெட்டிய நரைமுடி, புதிதாகத் தைத்த நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல். முழங்கால் வாதம், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். இரண்டு கையிலும் மூட்டை. ஹோங் யாரிடமோ கடன் வாங்கிய கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். தோள் அவனைவிட அகலம். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“இளைச்சுட்டே.”

“இல்லக்கா, கோட்டு பெரிசு.”

“கோட்டு பெரிசு ஆகல. நீ சின்னதாயிட்டே,” என்று சொல்லி, அவன் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள், சந்தையில் கோழியைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

கடையில் ஒரு முழு வாத்து சொன்னான். தோல் மொறுமொறுவென்று, கொழுப்பு வழிய, நறுக்கித் தட்டில் வந்தது. நான் ஆரம்பித்துவிட்டேன். சௌ-ஹா மட்டும் வெறும் சோறும் கீரையும் எடுத்துக்கொண்டாள்.

“ஏன்க்கா? உனக்குத்தானே வாங்கினேன்.”

“இன்னிக்கு அமாவாசை. கறி தொட மாட்டேன்.”

“நீ எப்ப இருந்து விரதம்?”

“அப்புறம் சொல்றேன். சாப்பிடு நீ.”

மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் மலைமேல் ஏறும்போது அவள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டாள். பொன்முகில் கண்ணில் பட்டதும் ஹோங் காட்டினான். சௌ-ஹா அண்ணாந்து, பின்னாலே சாய்ந்து, என் தோளில் தலை முட்டும்வரை பார்த்தாள்.

“வானத்தை உரசுற மாளிகைன்னா சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன். நெசமாவே உரசுதுடா,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “ஊருல எல்லாரும் வாயைப் பொளக்கறாங்கம்மா. போன் கடையில இவன் பேசினா கூட்டமே நிக்கும். நான் சத்தமா ஒருதரம் திருப்பிச் சொல்லுவேன், எல்லாருக்கும் கேக்கட்டும்னு,” என்றாள்.

ஹோங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது.

வாசலில் குண்டு குவோக் தன் பங்கைப் பிரமாதமாகச் செய்தான். எழுந்து நின்றான், தொப்பியைத் தொட்டான்.

“வாங்க சேத்தோ சார். இவங்கதான் ஊர்லேருந்து வந்த அக்காவா? நமஸ்காரம்மா. உங்க தம்பி மாதிரி மனுஷன் இந்தக் கட்டடத்துலயே கிடையாது.”

கடைசியாகச் சொன்னது மட்டும் பொய்யில்லை என்பதால் நான் சிரிப்பை அடக்க இருமினேன். குவோக் குழாய்க் கதையை ஆரம்பித்தான். ஹோங் ‘அடடா, அடடா’ என்று தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கே கொஞ்சம் நம்பத் தோன்றியது. சௌ-ஹா சோபாவின் விளிம்பில், மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தாள். பளிங்குத் தரையில் தன் செருப்பு அழுக்குப் பண்ணிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசல் கதவுக்கு வெளியே டாக்சி வந்து நின்றது. ஃபுங் அம்மா இறங்கினாள். முப்பத்தொன்றாம் மாடி. கெட்டவள் இல்லை. புத்தாண்டுக்குக் காவலாளிகளுக்குப் பணம் வைத்த சிவப்பு உறையைக் கையிலேயே கொடுப்பவள். சந்தைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ஒரு பையில் மீன், வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

குவோக் கதவுக்கு எழுந்திருப்பதற்குள் ஹோங் எழுந்துவிட்டான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக அவன் மனசு செய்யவில்லை, உடம்பு செய்தது. ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பிடித்தான். இடுப்பு தானாக வளைந்தது. கை தானாக நீண்டது. ஃபுங் அம்மாவும் பழக்கத்தில் பார்க்காமலே இரண்டு பையையும் அவன் கையில் மாட்டிவிட்டாள்.

“ஹோங், இன்னிக்கு லீவுன்னு சொன்னே? என்ன இது, கோட்டெல்லாம்? கல்யாணமா?”

மீன் பையிலிருந்து தண்ணீர் அவன் கடன் கோட்டில் சொட்டியது.

சௌ-ஹா எழுந்து நின்றாள். வீட்டுக்கார அம்மாவை மரியாதைக்குக் கும்பிட்டாள். “நீங்களும் பதினாலாம் மாடியாம்மா? குழாய் உடைஞ்சதுல உங்களுக்கும் கஷ்டமா?”

“பதினாலா?” ஃபுங் அம்மா சிரித்தாள். “இங்க பதினாலு கிடையாதே அம்மா. நாலு வர்ற எந்த மாடியும் கிடையாது. யாரு குடியிருப்பா அதுல? நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?”

குண்டு குவோக் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தான். ஃபுங் அம்மா ஹோங்கைப் பார்த்தாள், சௌ-ஹாவைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே மூக்கு. புரிந்துபோயிற்று. “நானே எடுத்துட்டுப் போறேன்” என்று பைக்குக் கை நீட்டினாள். ஹோங் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு லிஃப்டுக்குள் போனான், பொத்தானை அழுத்தினான், கதவு மூடிக்கொண்டது. அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. வேறு எங்கே போவது? அந்தக் கட்டடத்தில் அவன் ஓடி ஒளிய இருந்த ஒரே வழி அதுதான்.

ரொம்ப நேரம் இறங்கி வரவில்லை.

சௌ-ஹா மறுபடி உட்கார்ந்தாள். இப்போது செருப்பைப் பார்க்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

“லாம் அண்ணி, நீ எங்க குடியிருக்கே?”

வாயை மூடிக்கொண்டு வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

“ஷாம் ஷுய் போவுல. மொட்டை மாடியில, தகரக் கொட்டகை.”

“அவன்?”

“பக்கத்துக் கொட்டகை.”

“ஒழுகுமா?”

“மழை பெஞ்சா ஒழுகும்.”

தலையை ஆட்டினாள். “சரி. அவன் வந்தா போலாம்,” என்றாள். அவ்வளவுதான்.

அவன் வந்தான். கண் சிவந்திருந்தது, முகம் கழுவியிருந்தான். குவோக் அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான். மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஹோங் எங்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தான், திருட்டுப் பையனைப் போலீஸ் கூட்டிப்போகிற மாதிரி. இதில் போலீஸ் யார் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் கட்டடப் படிகள் செங்குத்து. நாலாம் மாடி வந்ததும் சௌ-ஹாவின் முழங்கால் மடங்கிவிட்டது. பழைய கட்டடம் என்பதால் எங்களுக்கு நாலாம் மாடி உண்டு. அந்தக் காலத்தில் கட்டியவனுக்கு எண்ணை மறைக்கிற அளவுக்கு வசதி இல்லை. அழுக்குப் படியில், அந்தப் புதுச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டாள்.

“முதுகுல ஏறிக்கோக்கா. தூக்கிட்டுப் போறேன்,” என்று ஹோங் குனிந்தான்.

“நீ ஏற்கெனவே எல்லாருக்கும் பை தூக்கறே. நானும் ஒரு பையா?” என்றாள்.

அன்றைக்கு அவள் சொன்னதிலேயே கடுமையான பேச்சு அதுதான். சொன்னதும் அவளுக்கே பொறுக்கவில்லை போல, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் அப்படியே சுவரைப் பார்த்தபடி நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாத முகம் என்று ஒன்று இருக்கிறது.

மேலே வந்ததும் அவள் அவன் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், அடுப்பு, ஆணியில் தொங்கும் சாம்பல் சட்டை, பித்தளைப் பொத்தான். பொத்தானை விரலால் தடவினாள். பளபளவென்று இருந்தது, அதை மட்டும் அவன் தினமும் துடைப்பான். பிறகு மூட்டையைப் பிரித்தாள். காய்ந்த ஆரஞ்சுத் தோல், உப்பு முட்டை, வள்ளிக்கிழங்கு. அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையால் எழுதிய மந்திரச் சீட்டு ஒரு கட்டு.

“இது என்னக்கா?”

“குவான் யாம் அம்மன் கோயில்ல வாங்கினது. பதினாலாம் மாடியில தம்பி இருக்கான், மலிவுன்னு போய்ச் சாவு நம்பர்ல மாட்டிக்கிட்டான்னு பூசாரிகிட்ட சொன்னேன். கதவுல ஒட்டச் சொன்னார். வருஷத்துக்கு ஒண்ணு. நீ முதமுதல்ல பதினாலுன்னு சொன்ன அன்னிலேருந்து வாங்கி வச்சிருக்கேன், அனுப்ப வழி இல்லாம.”

ஹோங் அவளைப் பார்த்தான்.

“அமாவாசை, பௌர்ணமிக்குக் கறி திங்கறதில்லன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டதும் அதுக்குத்தான். வேற எதுக்கு? எனக்கு வாத்துன்னா உசிருன்னு உனக்குத் தெரியாதா?”

யாருக்கும் நஷ்டம் இல்லை என்று சொன்னானே, அந்தப் பொய். யாரும் குடியிருக்காத மாடி என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினானே. அத்தனை வருஷமும் அதில் அவள் குடியிருந்திருக்கிறாள், வெறும் சோற்றோடு, பயந்துகொண்டு. ஹோங் தரையில் உட்கார்ந்தான். சட்டென்று எழுந்து, தண்ணீர் பிடிக்கிறேன் என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பக்கெட் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தான்.

“இது எத்தனாவது மாடி?” என்று சௌ-ஹா என்னைக் கேட்டாள்.

“எட்டு மாடிக் கட்டடம். மொட்டை மாடியைக் கணக்குப் பண்ணா ஒன்பது.”

“ஒன்பது நல்ல நம்பராச்சே.” பிறகு வெளியே கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள். “டேய், ஒன்பதுல இருந்துக்கிட்டா என்னைப் பட்டினி போட்டே?”

பொட்டலத்தைப் பிரித்து, ஆறிப்போன வாத்துக் காலை எடுத்துக் கடித்தாள். அமாவாசை என்பதை மறக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கடித்தாள். எலும்பைச் சப்பும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கையெல்லாம் கொழுப்பு, துடைக்க முடியாமல் தோளில் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். ஹோங் பக்கெட்டோடு வாசலிலேயே நின்றான், உள்ளே வரத் தைரியம் இல்லாமல்.

விடுதிக்குப் போகவில்லை. அவன் கட்டிலில் அவள் படுத்தாள், அவன் என் கொட்டகை வாசலில் பாய் போட்டுக்கொண்டான். ஊருக்குத் திரும்புகிற காலையில்தான் அவன் வாயைத் திறந்தான்.

“அக்கா, ஊர்ல உள்ளதைச் சொல்லிடு.”

“எதை?”

“நான் வாட்ச்மேன்னு. தகரக் கொட்டகைன்னு.”

“எப்படிடா சொல்லுவேன்? நான்தானே கூட்டம் கூட்டிச் சத்தமாச் சொன்னது. நீ ஒரு தரம் சொன்னா நான் பத்துத் தரம் சொல்லியிருக்கேன்.” மூட்டையை எடுத்துக்கொண்டாள். “பாத்துட்டு வந்தேன், நெசமாவே வானத்தை உரசுதுன்னு சொல்லுவேன். வேற வழி?”

அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பான். ஒருதரம் அவனுக்காக எல்லோர் முன்னாலும் தலைகுனிந்தவள், இப்போது அவனுக்காக எல்லோர் முன்னாலும் தலைநிமிர்ந்து பொய் சொல்லப் போகிறாள். எது மோசம் என்று என்னைக் கேட்டான். முன்னது உன்னால் வந்தது, பின்னது நீ கொடுத்தது என்று சொன்னேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

வேலைக்குப் போனான். ஃபுங் அம்மா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தன் பையைத் தானே தூக்கிக்கொண்டாள். பரிதாபப்பட்டுத்தான் செய்தாள். அவனுக்கு அதுவும் ஒரு அடி. ஒவ்வொரு முறையும் கையை நீட்டி, வெறும் கையாக இழுத்துக்கொள்வானாம். குவோக் சொன்னான்.

நிலாத் திருநாளுக்கு டெலிபோன் கூடத்துக்குப் போனோம். கூண்டுக்குள் போவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “கதவைத் திறந்தே வைக்கறேன். நீ கேளு,” என்றான். பிறகு பழையபடி தொண்டை கிழியக் கத்தினான்.

“அக்கா, பக்கத்துல எல்லாரும் இருக்காங்களா? கேக்கட்டும். நான் இருக்கறது மாளிகை இல்ல. அங்க நான் வாச…”

நின்றுவிட்டான். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

“என்ன?” என்றேன்.

“‘லைன் சரியில்ல, ஒண்ணுமே கேக்கல’ன்னு சொல்லி வச்சுட்டா.”

“லைன் எப்படி இருந்துச்சு?”

“இன்னிக்குத்தான் தெளிவா இருந்துச்சு.”

மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை கத்தவில்லை. காதோடு பேசினான், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் சொன்னான்: வேறு எதையும் பேசவில்லை, அடுத்த வசந்தத்துக்கு மறுபடி வா, என் வீட்டுக்கே வா என்று மட்டும் சொன்னேன், அதற்கு அக்கா, அந்தப் படியை நினைத்தாலே முழங்கால் நோகிறது என்றாள்.

மறுநாள் அவன் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. சிவப்பு. அதை மேலே கொண்டு வரவில்லை. நாலாம் மாடித் திருப்பத்தில் சுவரோரம் வைத்து, எவனும் தூக்கிப்போகாதபடி கம்பியால் படிக் கைப்பிடியோடு முறுக்கிக் கட்டினான். கட்டி முடித்து அழுத்திப் பார்த்தான், ஆடுகிறதா என்று.

“உங்க அக்கா உக்கார்றதுக்கா?” என்றேன்.

“வந்தா உக்காரட்டும்,” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் தெருக் கடைகளில் அப்படிப்பட்ட முக்காலிக்கு யாரும் சொன்ன விலை கொடுக்க மாட்டார்கள். அவன் பேரம் பேசாமல் வாங்கியிருந்தான். பதினெட்டு டாலர்: எங்கள் பேச்சில் ‘செழித்தே தீருவாய்’ என்று சொன்ன மாதிரி.